வெளிநாட்டுப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? விண்ணப்பிக்கும் முன் ஒரு கணக்கு

"சார், பொண்ணு பிளஸ் டூ-ல 600-க்கு 587. அமெரிக்காவுல பெரிய காலேஜ்ல கண்டிப்பா கிடைக்கும்னு ஒரு கன்சல்டன்ட் சொல்றாரு. முதல்ல 2 லட்சம் கட்டச் சொல்றாரு. கட்டலாமா?"

தேர்வு முடிவு வந்த வாரத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது. 587 அருமையான மதிப்பெண்தான். ஆனால் "கண்டிப்பா கிடைக்கும்" என்ற வார்த்தையை, உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் விஷயத்தில் எவராலும் சொல்ல முடியாது. அப்படியென்றால் வாய்ப்பே இல்லையா? இருக்கிறது. அது எவ்வளவு, அதை எது கூட்டும், எது குறைக்கும், நம் ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர் என்ன தயார் செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நூற்றுக்கு எத்தனை பேர்?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 2024-இல் முதலாண்டில் சேர்வதற்கு அங்கே விண்ணப்பித்தவர்கள் சுமார் 28,000 பேர். இடம் கொடுக்கப்பட்டது 1,284 பேருக்கு. அதாவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

இந்தக் கணக்கைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் இது நமக்கான கணக்கு இல்லை. இதில் அமெரிக்க மாணவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 2 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. காரணம், இளநிலைப் படிப்பில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு அங்கே ஒரு வரம்பு இருக்கிறது. மொத்த இளநிலை மாணவர்களில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வெளிநாட்டவர். அந்தச் சில இடங்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. அதில் ஒலிம்பியாட் பதக்கம் வாங்கியவர்களும் இருப்பார்கள்.

எனவே எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, "வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கை விகிதம் எவ்வளவு?" என்பது. பல கல்லூரிகள் தங்கள் சேர்க்கைப் புள்ளிவிவரத்தை ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியிடுகின்றன. பார்க்க காசு கிடையாது. செல்போனிலேயே பார்த்துவிடலாம்.

பணம் வேண்டும் என்று கேட்டால் வாய்ப்பு குறையுமா?

இங்கேதான் நம் குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதல் வகை: மாணவரைத் தேர்வு செய்யும்போது அவருக்கு நிதியுதவி தேவையா, இல்லையா என்பதைப் பார்க்கவே மாட்டார்கள். தேர்வான பிறகு குடும்ப வருமானத்தைப் பார்த்து, தேவைப்படும் தொகை முழுவதையும் கல்லூரியே கொடுக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இப்படிச் செய்யும் கல்லூரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், போடோயின், நோட்ரே டேம் ஆகியவை அவற்றில் சில.

இரண்டாம் வகை: உதவி தேவைப்படும் வெளிநாட்டு மாணவர் என்றால், அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். பெரும்பாலான கல்லூரிகள் இந்த வகை. ஸ்டான்ஃபோர்டும் இதில்தான் வருகிறது. இங்கே ஒரே தகுதியுள்ள இரண்டு பேரில் முழுப் பணமும் கட்டுபவருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

இவை தவிர, கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் வளாகங்களெல்லாம் இதில் அடக்கம். வருமானம் குறைந்த வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு இங்கே தேவை அடிப்படையிலான உதவி கிடையாது. இடம் கிடைத்தாலும் செலவு முழுக்க நம்முடையது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? வசதி குறைந்த, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஹார்வர்டில் இடம் கிடைப்பது மிகக் கடினம். ஆனால் கிடைத்துவிட்டால் செலவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நடுத்தரமான ஒரு கல்லூரியில் இடம் சுலபமாகக் கிடைக்கலாம். ஆனால் அதற்காக வாங்கும் கடன் பத்து வருஷத்துக்கு வீட்டை அழுத்தும். "இடம் கிடைக்குமா?" என்ற கேள்வியோடு "கட்ட முடிகிற செலவில் கிடைக்குமா?" என்றும் சேர்த்தே கேளுங்கள்.

மதிப்பெண் மட்டும் போதாதா?

நம் ஊர்க் கலந்தாய்வில் கட்ஆஃப் இருக்கிறது. 199 எடுத்தவருக்குப் பிறகுதான் 198 எடுத்தவர். அமெரிக்காவில் அப்படி வரிசை கிடையாது. ஒரு விண்ணப்பத்தை முழுதாகப் படித்து, பல விஷயங்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அவர்கள் பார்ப்பவை:

1. நான்கு வருஷ மதிப்பெண். 9-ஆம் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை. "பத்தாவதுல, பன்னெண்டாவதுல மட்டும் எடுத்தா போதும்" என்ற நினைப்பு இங்கே செல்லாது.

2. சாட் தேர்வு. மொத்தம் 1,600 மதிப்பெண். இந்தியாவில் இது இப்போது கணினி வழித் தேர்வு. கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் இதைக் கட்டாயமில்லை என்று விட்டன. எம்.ஐ.டி. 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியது. ஹார்வர்டு, டார்ட்மவுத், பிரவுன் ஆகியவையும் அதன்பின் கட்டாயமாக்கிவிட்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ இதைப் பார்ப்பதே இல்லை. ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும்.

3. கட்டுரை. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் எழுத வேண்டிய முக்கியக் கட்டுரைக்கு அதிகபட்சம் 650 சொற்கள். இதில் சாதனைப் பட்டியல் போட வேண்டாம். உங்கள் வாழ்க்கையை, நீங்கள் யோசிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். தறி ஓடும் வீட்டில் கணக்கு எழுதி வளர்ந்த பிள்ளைக்கு, தறிக்கணக்கே நல்ல கட்டுரைக்கான விஷயம். ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் "சின்ன வயசிலிருந்தே எனக்கு அறிவியல் ஆர்வம்" என்ற கட்டுரையைப் படிப்பவர்கள் ஒரு நாளைக்குப் பல தடவை பார்த்திருப்பார்கள்.

4. ஆசிரியர் பரிந்துரை. இதை மாணவர் வாங்கி அனுப்பக் கூடாது. ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும். அவரே எழுதி நேரடியாக அனுப்ப வேண்டும். அரசுப் பள்ளியில் தனி ஆலோசகர் இல்லையே என்று தயங்க வேண்டாம். தலைமை ஆசிரியரோ, உங்களை நன்கு அறிந்த மூத்த ஆசிரியரோ பள்ளி அறிக்கையை அனுப்பலாம்.

5. வகுப்பறைக்கு வெளியே செய்தவை. விலை உயர்ந்த கோடைக்கால முகாமுக்குப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. கடையில் அப்பாவுக்கு உதவியது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது, ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது எல்லாமே கணக்கில் வரும். விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்பு, வேலை ஆகியவற்றுக்கும் இடம் இருக்கிறது. வெட்கப்படாமல் எழுதுங்கள். உங்களுக்குக் கிடைத்த வசதிக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்து முறை வேறு

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் போனால் கதையே மாறும். அங்கே பாடம்தான் முதலில். ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்குச் சுமார் 3,300 இளநிலை இடங்களுக்கு 23,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். பல பாடங்களுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதன்பின் பேராசிரியர்களுடன் நேர்காணல். சமூக சேவை, விளையாட்டு எல்லாம் அங்கே பெரிதாக எடுபடாது. தேர்ந்தெடுத்த பாடத்தில் எவ்வளவு ஆழமாக யோசிக்கிறீர்கள் என்பதே கேள்வி.

கவனிக்க வேண்டியவை சில:

• யுகாஸ் என்ற பொதுத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதிகபட்சம் 5 படிப்புகளைத் தேர்வு செய்யலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது.

• இந்த இரண்டுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15, இங்கிலாந்து நேரப்படி மாலை 6 மணி. நம் நேரம் இரவு 10.30. பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

• 2026-இல் சேர்பவர்களிலிருந்து, நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள் வரை.

• மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குத் தகுதி விதி, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தனியாகப் பார்த்து, சந்தேகம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்.

• இளநிலைக்கு முழு உதவித்தொகை அங்கே மிகக் குறைவு. செலவைக் கணக்குப் போட்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

பத்து இடத்தில் போட்டால் ஒன்றாவது கிடைக்காதா?

"ஒவ்வொண்ணுலயும் 5 சதவீதம்னா, பத்து காலேஜ்ல போட்டா 50 சதவீதம் ஆச்சே!" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. ஒவ்வொரு கல்லூரியின் முடிவும் தாயக்கட்டை உருட்டுவது போலத் தனித்தனி என்றே வைத்துக்கொண்டாலும், பத்திலும் கிடைக்காமல் போக 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்றாவது கிடைக்க 40 சதவீதம்தான். வெளிநாட்டவருக்கு 3 சதவீதம் என்று வைத்தால் அது 26 ஆகிவிடும்.

உண்மையில் அதைவிடவும் குறைவு. ஏனென்றால் பத்துக் கல்லூரிகளும் பார்ப்பது அதே மதிப்பெண்ணை, அதே கட்டுரையை. ஒருவருக்குப் பிடிக்காத விண்ணப்பம் மற்றவருக்கும் பிடிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே பட்டியலை மூன்று அடுக்காகப் போடுங்கள்:

• கனவுக் கல்லூரிகள்: இரண்டு, மூன்று போதும். கிடைத்தால் மகிழ்ச்சி.

• பொருத்தமான கல்லூரிகள்: உங்கள் மதிப்பெண், அங்கே சேர்ந்தவர்களின் நடு மதிப்பெண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு உதவித்தொகை கொடுப்பவையாகவும் இருக்க வேண்டும்.

• உறுதியான இடம்: இது வெளிநாட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பொறியியல் கலந்தாய்வு, கலை அறிவியல் கல்லூரி சேர்க்கை, ஜே.இ.இ. எதையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க முடிவுகள் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வந்துவிடும். எம்.ஐ.டி. மார்ச் 14 அன்று வெளியிடுவது வழக்கம். நம் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான். இரண்டையும் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

காமன் ஆப் தளத்தில் அதிகபட்சம் 20 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 20-க்கும் போட வேண்டும் என்று அவசியமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனிக் கட்டுரை உண்டு. கட்டணம் கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். அதற்காக வாய்ப்பைக் குறைக்க மாட்டார்கள்.

எப்போது எதைச் செய்வது?

• 11-ஆம் வகுப்பு: கல்லூரிப் பட்டியல், செலவுக் கணக்கு, பாஸ்போர்ட். முதல் தடவை சாட் எழுதிப் பார்ப்பது.

• 12-ஆம் வகுப்பு ஆகஸ்ட்: காமன் ஆப் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். ஆசிரியர்களிடம் பரிந்துரை கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அவர்களுக்கும் கஷ்டம்.

• அக்டோபர் 15: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கடைசி நாள்.

• நவம்பர் 1: பல அமெரிக்கக் கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பம். இதில் "கட்டுப்படும்" வகை ஒன்று உண்டு. கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். உதவித்தொகையை மற்ற கல்லூரியோடு ஒப்பிட முடியாது. கையெழுத்துப் போடும் முன் நன்றாக யோசியுங்கள்.

• ஜனவரி முதல் வாரம்: பெரும்பாலான வழக்கமான விண்ணப்பங்கள்.

• மே 1: சேருகிறோமா, இல்லையா என்று சொல்ல வேண்டிய நாள்.

ஆவணங்கள்: கையில் உள்ள செல்போனே போதும்

மதிப்பெண் சான்றிதழ்: டிஜிலாக்கர் செயலியில் 10, 12-ஆம் வகுப்புச் சான்றிதழ்களைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

வருமானச் சான்றிதழ்: இ-சேவை இணையதளத்திலோ, பக்கத்து இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கல்லூரியில் உதவித்தொகைக்குக் காட்டும் வருமானம், வங்கிக் கடனுக்குக் காட்டும் வருமானம், விசா அதிகாரியிடம் சொல்லும் வருமானம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழில் குறைத்துப் போட்டுவிட்டு, விசாவுக்குப் பெரிய தொகை காட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். விவசாயம், சிறு வியாபாரம் என்று மாதச் சம்பளம் இல்லாத குடும்பமாக இருந்தால், உள்ளதை உள்ளபடி ஒரு கடிதமாக எழுதி இணைத்தால் போதும்.

பாஸ்போர்ட்: எம்-பாஸ்போர்ட் சேவா செயலியில் விண்ணப்பிக்கலாம். 15 முதல் 18 வயதுக்குள் உள்ளவர்கள் 10 வருஷப் பாஸ்போர்ட்டும் கேட்டு வாங்கலாம். படிப்பின் நடுவில் புதுப்பிக்கும் தொல்லை இருக்காது.

பெயர்: நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் பெரிய சிக்கலே இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் "எஸ். கார்த்திகா", பாஸ்போர்ட்டில் "கார்த்திகா செல்வம்", சாட் தேர்வில் வெறும் "கார்த்திகா" என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே நாள் போய்விடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயரின் இடத்தில் "எஃப்.என்.யு." என்றும் வந்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

இடம் கிடைத்த பிறகு: சேர்க்கைக் கடிதம் விசா ஆகாது. கல்லூரி ஐ-20 படிவம் அனுப்பும். 350 டாலர் செவிஸ் கட்டணம், விசாக் கட்டணம், நேர்காணல் எல்லாம் அதற்குப் பிறகு. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் தெரியும்படி வைக்கச் சொல்கிறார்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், தூதரக இணையதளத்தை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இளநிலையில் கிடைக்கவில்லை என்றால்?

கதவு மூடிவிடவில்லை. இங்கே நல்ல கல்லூரியில் பட்டம் முடித்து, முதுநிலைக்கு வெளிநாடு போகும் வழி இன்னும் அகலமானது. அரசு உதவியும் அந்தக் கட்டத்தில்தான் அதிகம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் முதுநிலை, முனைவர் படிப்புக்கு வெளிநாடு செல்ல, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 பேருக்கு வாய்ப்பு உண்டு.

கல்விக் கடன் என்றால், 7.5 லட்சம் வரை பொதுவாக ஈட்டுச் சொத்துக் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் வீடோ நிலமோ கேட்கப்படலாம். எனவே கல்லூரி உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் தெரிந்த பிறகே கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

ஏமாறாதீர்கள்

• "உள்ளே ஆள் இருக்கு" என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். 2019-இல் அமெரிக்காவிலேயே பணம் கொடுத்துப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளில் சேர்த்த மோசடி வெளிவந்தது. பெற்றோர்கள் பலர் சிறை சென்றார்கள். நடத்திய ஆலோசகருக்கு மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை.

• சில வெளிநாட்டுக் கல்லூரிகள் ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. அவர் காட்டும் பட்டியல் உங்களுக்கு ஏற்றதா, அவருக்கு ஏற்றதா என்று பாருங்கள். எம்.ஐ.டி., ஹார்வர்டு போன்ற இடங்களுக்கு ஏஜென்டே தேவையில்லை.

• விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவர் கையிலேயே இருக்கட்டும். ஆசிரியர் பெயரில் ஏஜென்ட் போலி மின்னஞ்சல் உருவாக்கிப் பரிந்துரை அனுப்பினால், அது பின்னாளில் தெரியவந்தாலும் சேர்க்கை ரத்தாகும். தண்டனை பிள்ளைக்குத்தான்.

• பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறும்.

இலவச ஆலோசனை எங்கே?

அமெரிக்கப் படிப்பு குறித்து, அந்நாட்டு அரசின் எஜுகேஷன்-யு.எஸ்.ஏ. ஆலோசனை மையம் சென்னையில் இருக்கிறது. இணைய வழியிலும் கேட்கலாம். பள்ளி மாணவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம். அரசுப் பள்ளி மாணவர்கள் நான் முதல்வன் திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டலைத் தங்கள் பள்ளியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக அந்த 587 எடுத்த பொண்ணு விஷயம். 2 லட்சத்தைக் கட்ட வேண்டாம். பிளஸ் டூ முடிவு கைக்கு வந்த பிறகு, இந்த வருஷம் சேர்வதற்கான விண்ணப்பக் காலம் அங்கே முடிந்திருக்கும். "இந்த வருஷமே ஹார்வர்டு" என்று எவராவது மே மாதத்தில் சொன்னால், அந்த ஒரு வரியிலேயே அவர் யாரென்று தெரிந்துவிடும். இங்கே கிடைக்கும் நல்ல இடத்தில் அவர் சேரட்டும். உங்கள் வீட்டில் இப்போது பதினொன்றாவது படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்து அந்த மூன்று அடுக்குப் பட்டியலைப் போட ஆரம்பியுங்கள்.